வண்டியில் விட்ட மருந்துப் பை

பிரின்சிக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்தால் வயிற்று வலி என்று வீட்டுக்கு ஓடிவிடுவாள். அப்படிப்பட்டவள்தான் இரண்டாயிரத்து ஏழு மே மாதத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கோடை முகாமில், காலையும் மாலையும் ஒரு பெண் பிள்ளைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் வருஷா வருஷம் நடத்தும் முகாம் அது. பத்து நாள் அங்கேயே தங்கிப் பாட்டு, விளையாட்டு, நாடகம் என்று பொழுது போகும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களின் பிள்ளைகளும் ஒன்றிரண்டு சேர்வதுண்டு. பொறுப்பாளர் ஸ்டீவன், ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். உதவிக்கு வந்த ஆசிரியர்களில் பிரின்சிதான் வயதில் சிறியவள். பிள்ளைகளின் மருந்து மாத்திரைகளைக் கவனிக்கும் வேலையை யாரும் தொடவில்லை. "நீ கணக்கு டீச்சராச்சே, மறக்க மாட்டே" என்று ஸ்டீவன் அதை அவள் தலையில் கட்டிவிட்டார்.

தாவீதுக்கு மூச்சு இரைப்புக்கு உறிஞ்சும் மருந்து, சாலமோனுக்கு இருமல் சிரப், இன்னொருத்திக்குத் தோலில் தடவும் களிம்பு என்று ஒவ்வொருவருடையதையும் தனித்தனிக் கவரில் பெயர் எழுதிப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு நீலப் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டே திரிந்தாள். பிள்ளைகள் அவளுக்கு 'மெடிக்கல் ஷாப் மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பையில் பாதி இடம் ஃபிர்தௌசுக்கு. சர்க்கரை பார்க்கும் மிஷின், ஊசிகள், குளுக்கோஸ் பொட்டலம், பிஸ்கட். இன்சுலின் மட்டும் முகாம் சமையல்கட்டின் ஃபிரிட்ஜில் இருந்தது.

ஃபிர்தௌஸ் பிரின்சியின் வகுப்பில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஹனீப் பஜாரில் போல்ட் நட்டு, பேரிங் விற்கும் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் பழவேற்காடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து விளையாட்டுப் பீரியடில் மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களைக் காவல் காத்துக்கொண்டு அவள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். வெளியூர்ச் சுற்றுலா எதற்கும் யாரும் அவளைச் சேர்த்துக்கொண்டதில்லை. முகாமுக்கு அவள் பெயர் வந்ததும் ஸ்டீவனும் அதைத்தான் சொன்னார்.

"வேணாம்மா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நான் பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டாள் பிரின்சி. சொன்ன பிறகுதான் ஊசி ஞாபகத்துக்கு வந்தது.

அவர்கள் வீட்டுக்கே போய்க் கற்றுக்கொண்டாள். ஃபிர்தௌசின் அம்மா ஜெய்னம்பு, முதலில் ஒரு கத்திரிக்காயைக் கையில் கொடுத்துக் குத்திப் பழகச் சொன்னாள். தெளிந்த மருந்தை முதலில் இழுப்பது, கலங்கல் மருந்தை உள்ளங்கையில் உருட்டிவிட்டுப் பிறகு இழுப்பது, காற்றுக் குமிழி இல்லாமல் தட்டிவிடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தாள். கடைசியாக வாசல்வரை வந்து சொன்னாள்:

"ஊசி போட்டாச்சின்னா சாப்பாடு உள்ள போயே ஆவணும் டீச்சர். போவலன்னா அந்த ஊசியே வெசம் மாரி. சக்கர எறங்குச்சின்னா வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், சும்மாவே கோவம் வரும் அவளுக்கு. எதுனா கத்துனான்னா பதிலுக்கு நீங்க சண்ட போடாதீங்க. சக்கர குடுங்க."

ஸ்டீவனும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். ஃபிர்தௌஸ் முன்னால் மற்ற பிள்ளைகள் இனிப்பு தின்றால் அவளுக்கு ஆசை வரும். அதனால் முகாமில் மிட்டாய் கூடாது. முதல் நாளே எல்லாருடைய பெட்டிகளையும் திறந்து பார்த்து, அகப்பட்ட சாக்லேட்டையெல்லாம் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "இனிமே எவன் கைலயாவது மிட்டாயைப் பாத்தேன், அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார். 

பழவேற்காட்டுக்குப் போவதாக இருந்த நாள் வந்தது. ஏரியில் படகுச் சவாரி, கரையில் மதியச் சாப்பாடு, மாலையில் திரும்புவதாகத் திட்டம். ஃபிர்தௌசைப் பிடிக்க முடியவில்லை. "எங்க ஊரு மிஸ். நான்தான் எல்லாம் காட்டுவேன்" என்று விடிந்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிரின்சி ஊசி போட்டுவிட்டு, அரை மணி கழித்து இட்லித் தட்டைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களின் மாத்திரைகளைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. ஃபிர்தௌஸ் வேனில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

பொன்னேரி தாண்டியதும் சாலமோனுக்கு இருமல் வந்தது. பிரின்சி சிரப்பை எடுத்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, வேன் குலுங்கிய குலுங்கலில் பாட்டிலைப் பெரிய பைக்குள் திரும்ப வைக்க முடியாமல் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

படகுத்துறையில் ஸ்டீவன் படகுக்காரர்களிடம் கூலி பேசி முடிக்க நேரம் பிடித்தது. பிள்ளைகள் கடைப்பக்கம் போய்ச் சிதறி, விசில் அடித்ததும் ஓடி வந்தார்கள். இரண்டு படகு. முதல் படகில் ஸ்டீவனும் மற்ற ஆசிரியர்களும் பெரிய பையன்களோடு ஏறினார்கள். இரண்டாவதில் பிரின்சியும் பெண் பிள்ளைகளும் சின்னப் பையன்களும். பிரின்சி நீலப் பையோடு பலகையில் கால் வைத்தபோது ஸ்டீவன் அந்தப் படகிலிருந்து கத்தினார்.

"பையை எதுக்கும்மா தூக்கிக்கினு வர்றே? தண்ணில விழுந்துச்சுன்னா மருந்து பூரா போச்சு. முக்கா மணி நேரத்துல வந்துடப் போறோம். வண்டியிலயே வெச்சுட்டு வா."

பிரின்சி தயங்கினாள். படகு ஆடியது. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஒரு கையால் பையையும் மறு கையால் சின்னப் பிள்ளைகளையும் பிடித்துக்கொள்வது எப்படி என்று யோசித்தாள். சீக்கிரம் சீக்கிரம் என்று எல்லாரும் கூச்சல் போட்டார்கள். அவள் ஓடிப்போய்ப் பையை வேன் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து ஏறினாள்.

படகோட்டியின் பெயர் சின்னராசு. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள். முகத்துவாரம் மண் மூடிக் கிடந்ததால் அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் குறைவு என்று மட்டும் சொன்னார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஃபிர்தௌஸ் படகின் முன்பக்கம் நின்று, கலங்கரை விளக்கம் எது, எந்தப் பக்கம் கடல், தன் வாப்பா சின்னப் பையனாக இருந்தபோது எந்த இடத்தில் நண்டு பிடித்தார் என்று எல்லாருக்கும் கதை சொன்னாள். வேப்ப மரத்தடியில் இருந்த பெண்ணா இது என்று பிரின்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏரியின் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் ஒரு மாதிரி உறுமியது, பிறகு நின்றுபோனது.

சின்னராசு பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மார்பளவு தண்ணீர், கீழே உளைச் சேறு.

"இன்னா ஆச்சுண்ணே?"

"எவனோ பழைய வலைய அறுத்து வுட்டுக்கிறான். எஞ்சின் விசிறில சுத்திக்கிச்சி. அறுத்துத்தான் எடுக்கணும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஆவும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் முங்கினார்.

முதல் படகு வெகு தூரம் போய்விட்டிருந்தது. பிரின்சி கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். டவர் வந்தது, போனது. ஸ்டீவன் எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். போகவில்லை. சரி, கொஞ்ச நேரம்தானே என்று பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொன்னாள். இரண்டு பாட்டு ஆனது. வெயில் தலையைப் பிளந்தது. ஆட்டத்தில் சாலமோன் வாந்தி எடுத்தான். அவன் வாயைக் கழுவி, தலையில் ஈரத் துணி போட்டு, மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். அந்தக் கவனத்தில், முன்பக்கத்துப் பேச்சு நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை.

"தள்ளிப் போடி! மேல வந்து உழாத!"

ஃபிர்தௌஸ்தான். பக்கத்தில் இருந்த சந்திரகலாவைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். முகாமில் அவளுக்கு ரொம்பவும் நெருங்கிய சிநேகிதி அந்தச் சந்திரகலா.

"ஃபிர்தௌஸ், படகுல தள்ளக் கூடாது. ஒக்காரு."

"நீங்க சும்மா இருங்க! எப்பப் பாத்தாலும் ஒக்காரு ஒக்காருன்னுக்கினு!"

பிரின்சிக்குச் சுருக்கென்றது. "இன்னா பேச்சு பேசற நீ? டீச்சர்ட்ட இப்டித்தான் பேசுவியா? திரும்பு இந்தப் பக்கம்!" என்று அதட்டினாள்.

ஃபிர்தௌஸ் திரும்பினாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகி மோவாயில் சொட்டியது. உடம்பே வேர்த்துச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எல்லாருக்கும்தான் வேர்த்தது, ஆனால் இது வெயிலில் வந்த வேர்வை இல்லை. உதடு நடுங்கியது.

'எதுனா கத்துனான்னா சண்ட போடாதீங்க டீச்சர். சக்கர குடுங்க.'

பிரின்சியின் கை தானாகத் தோளுக்குப் போனது. அங்கே பை இல்லை.

சாலமோனை இறக்கிவிட்டு, பிள்ளைகளைத் தாண்டித் தவழ்ந்துபோய் ஃபிர்தௌசைப் பிடித்து உட்கார வைத்தாள். கை ஜில்லென்று இருந்தது.

"காலைல இட்லி சாப்ட்டியா? முழுசா சாப்ட்டியா? என்னைப் பாரு."

அவள் பார்த்தாள். ஆனால் பார்வை பிரின்சியின் மேல் நிற்கவில்லை. "குளுருது உம்மா" என்றாள்.

பக்கத்தில் இருந்த சந்திரகலா அழ ஆரம்பித்தாள். "மிஸ்... ரெண்டு இட்லிய என் தட்டுல வெச்சிட்டா மிஸ். வண்டில சீட்டு போயிடும்னு..."

தட்டு காலியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். போட்ட ஊசிக்குப் பதில் சொல்ல உள்ளே ஒரே ஒரு இட்லி. நடுவில் கொடுக்க வேண்டிய பிஸ்கட்டும் வேனில். பிரின்சி எழுந்து நின்று கரையைப் பார்த்தாள். படகுத்துறை ஒரு கோடாகத் தெரிந்தது.

"அண்ணே! சின்னராசண்ணே! சீக்கிரம் கெளம்பணும், பொண்ணுக்கு முடியல!"

சின்னராசு தலையைத் தூக்கினார். ஃபிர்தௌசைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "பாதி அறுத்துட்டேம்மா. இன்னும் பாதி கீது" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"சக்கர எதுனா இருக்கா உங்ககிட்ட? வெல்லம், டீ, எதுனா?"

"பீடிதான் கீது."

அவர் மறுபடி முங்கினார்.

பிரின்சி தன் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சீப்பு, கைக்குட்டை, பஸ் டிக்கெட்டுகள், சாலமோனின் இருமல் சிரப். சிரப்பை எடுத்து உற்றுப் பார்த்தாள். பிசுபிசுவென்று இனிக்கும் மருந்து. உள்ளே சர்க்கரைப் பாகுதான். மூடியைத் திறந்துவிட்டாள். திறந்தவளின் கை அப்படியே நின்றது. முகாமின் முதல் நாள் சாலமோனின் அம்மா கொடுக்கும்போது சொன்னது ஞாபகம் வந்தது: 'இத குடிச்சா நல்லாத் தூங்குவான்.' தூக்கம் வரவழைக்கும் மருந்து. ஒரு ஸ்பூனுக்கே சாலமோன் மடியில் கண்ணைச் சொருகிக்கொண்டு கிடக்கிறான். சர்க்கரை ஏற வேண்டுமானால் பாதிப் பாட்டிலாவது உள்ளே போக வேண்டும். ஏற்கெனவே மயங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால்?

கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். ஃபிர்தௌசின் தலை அவள் தோளில் சாய்ந்தது, கண் மூடிக்கொண்டது. பிரின்சி மூடியைத் திருகி மூடினாள்.

"யார்ட்டயாவது தின்றதுக்கு எதுனா இருக்கா? மிட்டாய், சாக்லேட், எதுவா இருந்தாலும் பரவால்ல."

அத்தனை பேரும் படகின் அடியில் தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரின்சி நாலு வருஷமாகப் பிள்ளைகளோடு இருப்பவள். ஒன்றும் இல்லாத பிள்ளை நிமிர்ந்து 'இல்ல மிஸ்' என்று சொல்லும். இருக்கிற பிள்ளைதான் இப்படிக் குனியும்.

"நான் யாரையும் திட்ட மாட்டேன். இருந்தா குடுங்க."

தாவீது உதட்டைக் கடித்துக்கொண்டான். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை ஓரக் கண்ணால் பார்த்தாள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார் ஸ்டீவன் சார் என்ற பயம் அத்தனை முகத்திலும் தெரிந்தது. பிரின்சிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"இவ செத்துடுவா! புரியுதா? இப்ப குடுக்கலன்னா செத்துடுவா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சந்திரகலா வீறிட்டாள். வீறிட்டபடியே பாவாடை இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரின்சியின் முன்னால் போட்டாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி தாவீது கால்சட்டைப் பையில் கைவிட்டான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். சாக்ஸுக்குள்ளிருந்து ஒன்று, தொப்பிக்குள்ளிருந்து ஒன்று. தேன் மிட்டாய், கமர்கட்டு, ஆரஞ்சு மிட்டாய், பாக்கெட்டில் உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போன சாக்லேட். படகில் மிட்டாய் இல்லாத பிள்ளையே இல்லை.

"ஏது இவ்ளோ?" என்றாள் பிரின்சி, தன்னை அறியாமல்.

"ஃபிர்தௌஸ்தான் மிஸ் கடையக் காட்டுனா. அவங்க சொந்தக்காரர் கடை. அவ மட்டும் வாங்கல" என்றான் தாவீது.

பிரின்சி கமர்கட்டைத் தள்ளிவிட்டாள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் கல் மாதிரி மிட்டாயைப் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் கரைத்து ஊற்றினாலும் புரை ஏறிவிடலாம். தேன் மிட்டாயைத்தான் எடுத்தாள். சிவப்பாக, உருண்டையாக, உள்ளே பாகு நிறைந்தது. ஃபிர்தௌசை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைத் தன் முழங்காலில் தாங்கிக்கொண்டாள். பற்கள் இறுகிக் கிட்டித்திருந்தன. கன்னத்தை விரலால் விலக்கி, மிட்டாயைக் கிள்ளி, உள்ளேயிருந்த பாகை ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் பிழிந்து தடவினாள். சக்கையைத் தூக்கி எறிந்தாள். அடுத்தது. அதற்கடுத்தது.

"காகிதத்தப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுங்க" என்றாள். பிள்ளைகள் வரிசையாகக் கை நீட்டினார்கள். யாரும் அழவில்லை இப்போது. சந்திரகலா மட்டும் ஃபிர்தௌசின் காலைப் பிடித்துக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தாள்.

விரலில் பாகு, வேர்வை, எச்சில் எல்லாம் கலந்து வழிந்தது. எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வழிகிறது என்று தெரியவில்லை. ஒன்றும் மாறவில்லை. ஃபிர்தௌசின் ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. ஜெய்னம்பு தன் வாசலில் நின்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பிரின்சியின் காதில் ஓடியது. கர்த்தரே, கர்த்தரே என்று வாய் முணுமுணுக்க, விரல் தடவிக்கொண்டே இருந்தது.

கீழே சின்னராசு தண்ணீரிலிருந்து எழுந்து ஒரு பெரிய பச்சை வலைச் சுருளைத் தூக்கி எறிந்தார். ஏறி வந்து கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது. இன்னொரு தரம் இழுத்தார். பிடித்துக்கொண்டது. படகு கரையைப் பார்த்துத் திரும்பியது.

அந்த ஆட்டத்தில்தான் ஃபிர்தௌசின் தொண்டை அசைந்தது. விழுங்கினாள். பிரின்சி அடுத்த மிட்டாயைக் கிள்ளினாள். மறுபடி விழுங்கினாள். நாக்கு வெளியே வந்து உதட்டில் ஒட்டியிருந்த பாகைத் தேடியது.

"இன்னும் கொஞ்சம். விழுங்கு தங்கம். இன்னும் கொஞ்சம்."

படகுத்துறை பக்கத்தில் வந்தபோது கண் திறந்தது. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். பிறகு தன்னைச் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எதுக்கு எல்லாரும் என்னயே பாத்துக்கினு கீறீங்க?" என்றாள் எரிச்சலாக.

பிரின்சிக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக வெளியே வரவில்லை. பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று அதுவரை வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வந்தது. சின்னராசு எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபிர்தௌசைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி வேனை நோக்கி நடந்தார்.

வேனில் குளுக்கோசைக் கரைத்துக் குடிக்க வைத்து, அங்கேயே இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் சர்க்கரையைப் பார்த்துவிட்டு குளுக்கோஸ் டிரிப் ஏற்றினார். "தேறிட்டா. சாயங்காலம் கூட்டிக்கினு போலாம்" என்றார்.

கட்டிலோரத்தில் பிரின்சி உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் பாகு காய்ந்து ஒட்டியிருந்தது.

"இட்லிய ஏன்டா மாத்தி வெச்சே?"

ஃபிர்தௌஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் வண்டிக்கு ஓடிட்டாங்க மிஸ். நான் மட்டும் எப்பவும் ஒக்காந்து துன்னுக்கினே இருக்கணுமா?"

பிரின்சி நழுவியிருந்த போர்வையை இழுத்து அவள் காலில் போட்டாள்.

ஹனீப் கும்மிடிப்பூண்டியிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். கடையைப் பூட்டக்கூட இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வராந்தாவுக்கு வந்தார். ஸ்டீவன் அங்கே நின்றிருந்தார். அந்தப் பக்கக் கரையில் காத்திருந்து, திரும்பி வந்தபிறகுதான் அவருக்கு விஷயமே தெரியும். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"பாய், என்னை மன்னிச்சிடுங்க. நான் அப்பவே சொன்னேன், இது நமக்கு ஆவாதுன்னு. பொண்ண இன்னிக்கே ஊட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுங்க. இன்னொரு தரம் இந்த மாதிரின்னா என்னால தாங்க முடியாது."

பிரின்சி முன்னால் வந்தாள். "தப்பு என்னோடது பாய். பைய நான்தான் வண்டில வுட்டுட்டுப் போனேன். அத எடுத்துக்கினு போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"நான்தாம்மா வெச்சுட்டு வரச் சொன்னேன்" என்றார் ஸ்டீவன் குரல் இறங்கி.

ஹனீப் இருவரையும் பார்த்தார். "தப்புதான் டீச்சர்" என்றார். "பைய வுட்டது தப்புதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். அவ உம்மா கேட்டா இன்னா சொல்றதுன்னு வழி பூரா யோசிச்சுக்கினே வந்தேன்."

பிரின்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா சார்," என்று ஸ்டீவன் பக்கம் திரும்பினார் அவர், "எங்க ஊட்லயே அவ மயங்கி உழுந்துக்கிறா. போன நோம்புல நான் பக்கத்துல இருக்கும்போதே உழுந்தா. அப்ப அவள எந்த ஊட்டுக்கு அனுப்பறது நாங்க?"

வராந்தாவின் கோடியில் முகாம் பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றிருந்தார்கள்.

"அவ வரேன்னா வரட்டும். ஊட்டுக்குப் போறேன்னா நான் கூட்டிக்கினு போறேன். அவளையே கேளுங்க" என்றார் ஹனீப்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது: "நான் ஊட்டுக்கு வரல வாப்பா."

ஸ்டீவன் பெருமூச்சு விட்டார். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. வேனுக்குப் போய்ச் சீட்டுக்கு அடியிலிருந்த நீலப் பையைத் தானே எடுத்து வந்து பிரின்சியிடம் நீட்டினார். மிட்டாயைப் பற்றி அன்றைக்கும் மறுநாளும் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

முகாமுக்குத் திரும்பியதும் பிரின்சி செய்த முதல் வேலை ஜெய்னம்புவுக்குப் போன் போட்டதுதான். ஹனீப் பேசிக்கொள்வதாகச் சொன்னார். அவள்தான் கேட்கவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பையை விட்டது, தட்டைப் பார்த்து ஏமாந்தது, கோபித்த பிள்ளையைத் தானும் அதட்டியது. எதிர்ப்பக்கம் அழுகை. பிறகு, "நான் சொன்னேனே டீச்சர். சொன்னேனே" என்று திட்டு. பிரின்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. பிறகு ஜெய்னம்பு வேறு குரலில் கேட்டாள்: "சாங்காலம் ஊசி எவ்ளோ போடணும்னு டாக்டர் சொன்னாரா?"

"கொறச்சுப் போடச் சொன்னார். எழுதிக் குடுத்துக்கிறார்."

"போடறதுக்கு முன்னாடி சக்கர பாத்துடுங்க. தொடைல போடாதீங்க இன்னிக்கி, வயித்துல போடுங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்ன ஒரு டம்ளர் பால்."

"சரிங்க."

"பக்கத்துலயே படுத்துக்கோங்க டீச்சர்."

"படுத்துக்கறேன்."

இருட்டுவதற்கு முன்னால், சமையல்கட்டில் சாம்பார் கொதிக்கும் வாசனை வரும்போது, பிரின்சி மருந்தை இழுத்தாள். டாக்டர் சொன்ன அளவு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஃபிர்தௌஸ் சட்டையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், உங்க கை ஆடுது."

"தெரியுது. இரு."

பிரின்சி ஊசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டாள். வெளியே பிள்ளைகள் தட்டுகளைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கை நிலைக்கட்டும் என்று காத்திருந்தாள். ஃபிர்தௌசும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.